மஞ்சளுக்குப் போன வேலி

செல்வநாயகம் மிளகாய்த் தோட்டத்துக்குள் விழுந்தபோது பங்குனி வெயில் இன்னும் முழுதாக ஏறியிருக்கவில்லை. பூச்சிமருந்து விசிறும் தாங்கி முதுகிலேயே இருந்தது. வாயைச் சுற்றிக் கட்டிய சால்வைத் துண்டு மருந்தில் தோய்ந்து கன்னத்தோடு ஒட்டியிருந்தது. கிணற்றடியில் மரவள்ளிக்கிழங்கு கழுவிக்கொண்டிருந்த அவனுடைய மனைவி கனகாம்பிகை, விசிறும் சத்தம் நின்று நெடுநேரமாகியும் மறுபடி கேட்கவில்லையே என்றுதான் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கன்றுகளுக்கு மேலே தெரியவேண்டிய தலைப்பாகை தெரியவில்லை.

மந்திகை ஆசுப்பத்திரியில் அவனுடைய உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். வீட்டுக்கு விடும்போது டொக்டர் கனகாம்பிகையைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். இந்த மனிதர் இனி மருந்துப் போத்தலின் மூடியைக்கூடத் திறக்கக் கூடாது. பக்கத்துத் தோட்டத்தில் விசிறினாலும் காற்று வரும் பக்கம் நிற்கக் கூடாது. இன்னொருமுறை இப்படி வந்தால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது. அவள் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றாள். பஸ்சில் வரும்போது அவனுடைய கை அவளுடைய மடியில் கிடந்து நடுங்கிக்கொண்டே வந்தது. பஸ் குலுக்கத்தில் நடுங்குகிறது என்று நினைத்தாள். நெல்லியடியில் இறங்கி நின்ற பிறகும் அது நடுங்கியது.

அந்த நாட்களில் கரவெட்டிப் பக்கத்தில் மிளகாய் வைக்காத தோட்டம் இல்லை. வெளிநாட்டிலிருந்து காய்ந்த செத்தல் மிளகாய் வருவது நின்றுபோனதில் செம்பாட்டு மண்ணெல்லாம் மிளகாயாக நின்றது. மண்வீடுகள் கல்வீடாகின. மருந்து மணம் சோற்றுக்குள்ளும் வந்தது. செல்வநாயகம் தன் தோட்டத்தோடு அண்ணன் சோமசேகரத்தின் தோட்டத்துக்கும் மருந்து விசிறிக் கொடுப்பான். சோமசேகரம் தன்னுடைய மிசினால் தம்பியின் தோட்டத்துக்கும் தண்ணீர் இறைத்துவிடுவார். இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரே கிணறு. தகப்பன் வெட்டிய கிணறு. இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு வேலி. கொடுக்கல் வாங்கல் இப்படியே நடந்து வந்தது. செல்வநாயகத்துக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணன் கூப்பிட்டால் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போகிறவன் அவன்.

சித்திரை பிறக்கமுதல் கனகாம்பிகை ஒரு முடிவோடு இருந்தாள். ஒருநாள் அவனுக்கு மிளகும் மல்லியும் அவித்துச் சரக்குத்தண்ணி வடித்துக் கொடுத்துவிட்டு அருகில் இருந்தாள். கிண்ணத்தை அவனால் ஒரு கையால் பிடிக்க முடியவில்லை. அவள் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள்.

“இந்தமுறை மிளகாய் வேண்டாம்,” என்றாள். “மஞ்சள் நடுவம்.”

“மஞ்சளோ? அது தை மாசம் வரையும் நிலத்துக்கை கிடக்கும். அதுமட்டும் என்னத்தைத் தின்னுறது?”

“மரவள்ளி நிக்குது. ஒடியல் கிடக்கு. மாடு ஒண்டு கறக்குது. மஞ்சளுக்கு மருந்து அடிக்கத் தேவையில்லை. எனக்கு அது காணும்.”

அவன் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். ஊரெல்லாம் மிளகாய் சிவக்க, தன் தோட்டத்தில் மட்டும் பெண்கள் கிணற்றடியில் வைக்கும் மஞ்சள் நிற்கப்போகிறதே என்ற வெட்கம் அவனுக்கு இருந்தது. அதை அவள் அறிவாள். அறியாதவள்போல எழுந்து போனாள்.

சோமசேகரம் கேள்விப்பட்டு வந்தார். ஆள் கெட்டவரில்லை. விடிந்தால் பொழுதுபட்டால் தோட்டம் என்று திரிகிறவர். மற்றவர்களுக்குத் தோட்டத்தைத் தவிர வேறு கவலை இருக்கக்கூடும் என்பது அவருக்கு விளங்காது. ஊரில் ஒருவரும் செய்யாததைச் செய்தால் ஊரில் ஒருவருக்கும் வராத நட்டம் வரும் என்று சொன்னார். மிசினைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. தம்பியால் மருந்து விசிற முடியாது என்ற பிறகு அந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று. கனகாம்பிகையும் கேட்கவில்லை.

கிணற்றில் கையால் தண்ணீர் இறைக்கும் பழைய துலா இன்னும் நின்றது. கயிற்றுக் கொடியை மாற்றி, தண்ணீர் அள்ளும் ஓலைப் பட்டையைத் தைத்து, அவளே இறைக்கத் தொடங்கினாள். செல்வநாயகம் வாய்க்காலில் நின்று தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிவிடுவான். மண்வெட்டியை அவனால் ஓங்க முடியாது. காலால் மண்ணை ஒதுக்கி மடையை அடைப்பான். விடியற்புறம் தொடங்கினால் வெயில் ஏறும்போது பாதித் தோட்டம்தான் நனைந்திருக்கும். மறுநாள் மற்றப் பாதி. அதற்குள் முதல் பாதி காய்ந்து வெடித்துவிடும்.

வைகாசியில் சோளகம் எழும்பியது. தெற்கிலிருந்து நாள் முழுதும் இரையும் வறண்ட காற்று. முளைத்து இரண்டு இலை விட்ட மஞ்சள் மத்தியானத்தில் இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றது. இறைக்கிற தண்ணீரை மஞ்சள் குடிக்கமுதல் காற்றுக் குடித்தது. அவளுடைய உள்ளங்கை துலாக்கொடியில் உரிந்து, தோல் வந்து, மறுபடி உரிந்தது. புட்டுக் குழைக்கும்போது எரியும். இடக்கையால் குழைக்கப் பழகினாள்.

நிலத்தை மூடவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததுதான் அது. எதால் மூடுவது என்பதுதான் கேள்வி. கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்தாள். தமக்கையின் வயல் வைக்கோலில் ஒரு மாட்டுக்கரத்தைப் பாரம் வந்தது. கிணற்றடிப் பாத்திகளுக்கு அதைப் பரப்பினாள். இரண்டு நாள் அழகாகக் கிடந்தது. மூன்றாம் நாள் சோளகம் அதைக் கிளப்பிக் கொண்டுபோய்ச் சோமசேகரத்தின் மிளகாய்க்குள் போட்டது. மிஞ்சியதை அவிழ்ந்த மாடு தின்றது. அடியில் கிடந்த நெல் தண்ணீருக்கு முளைத்து, பிடுங்கும் வேலையையும் தந்தது.

ஒழுங்கை வழியோரத்துப் பூவரசுகளில் குழை வெட்டினாள். பச்சைக் குழை பாத்தியோடு படிந்து கிடந்தது, காற்றுக்குக் கிளம்பவில்லை. குழை போட்ட பாத்திகளில் மஞ்சள் இலை கரும்பச்சையாக அகன்றது. ஆனால் அது கெதியில் உக்கி மண்ணோடு மண்ணாகிவிடும். மறுபடி வெட்டவேண்டும். ஆனி முடியமுதல் அவளுக்கு எட்டிய கொப்பெல்லாம் மொட்டையாகிவிட்டது. வேலியோரத்து மூலைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அது வெறுமண்ணாகவே காய்ந்தது.

கடற்கரையிலிருந்து ஓலைக் கடகத்தில் மீன் கொண்டுவரும் சின்னாச்சி ஒருநாள் வாசல் படலையில் கடகத்தை இறக்கி வைத்துவிட்டுத் தோட்டத்தைப் பார்த்தாள்.

“எங்கடை கரையிலை சாதாளை மலைமாதிரி ஒதுங்கிக் கிடக்கு, பிள்ளை. கடலுக்கை கிடக்கிற புல்லுத்தான். உந்தக் காத்துக்கு உது அசையாது. கறையானும் வராது.”

“உப்பெல்லே, சின்னாச்சியக்கா?”

“உப்புத்தான். எங்கடை முருங்கைக்குப் போடுறனாங்கள். மஞ்சள் எப்பிடியெண்டு எனக்குத் தெரியாது. ஒரு கரத்தை கொண்டுவந்து பாருமன்.”

ஆடி மாதத்தில் கிணறு இறங்கியது. துலாக்கொடிக்கு இன்னொரு துண்டு முடிச்சுப் போடவேண்டி வந்தது. சோமசேகரத்தின் மிசின் பொழுது விடியமுதல் இறைத்துவிட்டால், பட்டையில் கலங்கல்தான் வரும். அந்தக் கலங்கலும் நாக்கில் வைத்தால் மெல்லிய உப்பு. அடியிலிருக்கும் நல்ல தண்ணீர் தீர்ந்து கடல் உள்ளே வருகிறது என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். கிணற்றில் உப்பு வருவதைக் கண்ட பிறகு, சாதாளையில் உள்ள உப்புக்குப் பயந்து என்ன என்று கனகாம்பிகைக்குத் தோன்றியது. ஒரு காலையில் கரத்தைக்காரனை அழைத்துக்கொண்டு சின்னாச்சியின் கரைக்குப் போனாள்.

அவள் போன பிறகு சோமசேகரம் வேலிக்கு அப்பாலிருந்து தம்பியைக் கூப்பிட்டார். அவருடைய மிளகாயில் இலை சுருளும் நோய் விழுந்திருந்தது. கூலிக்கு வந்த ஆள் மருந்தைக் கணக்கில்லாமல் ஊற்றிப் பாதிக் கன்றைக் கருக்கிவிட்டான். தம்பி வந்து மருந்தை மட்டும் கலந்து கொடுத்தால் போதும், விசிறவேண்டாம், இன்றைக்கு மிசினைத் தம்பியின் பக்கமும் திருப்பி விடுகிறேன் என்றார். செல்வநாயகம் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். மத்தியானம்கூட ஆகவில்லை, மஞ்சள் இலை அதற்குள் சுருண்டிருந்தது. மனைவி உரிந்த கையோடு கடற்கரைக்குப் போயிருக்கிறாள். எழுந்து போனான். கலந்து கொடுத்தான். கூலிக்காரன் பிழையான பக்கத்தில் நின்று விசிறத் தொடங்கியபோது, சொல்லிக் கொடுப்பதற்காக உள்ளேயும் போனான்.

கனகாம்பிகை சாதாளைக் கரத்தையோடு திரும்பியபோது தங்கள் பாத்திகளில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மிசின் இரைந்துகொண்டிருந்தது. அவன் தங்கள் முற்றத்து மாமரத்தின் அடியில் சாய்ந்திருந்தான். வாயிலிருந்து நீர் வடிந்தது. கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. சோமசேகரம் செம்பில் தண்ணீரோடு பக்கத்தில் நின்றார். அவருடைய முகம் வெளுத்திருந்தது. கரத்தையிலிருந்த சாதாளையை அப்படியே நிலத்தில் தள்ளிவிட்டு, அதே கரத்தையில் அவனை ஏற்றிக்கொண்டு மந்திகைக்குப் போனார்கள்.

இம்முறை நெடுநாள் கிடந்தான். முன்னைய டொக்டர் கனகாம்பிகையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அவர் திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சோமசேகரம் முற்றத்தில் வந்து நின்றார். இரு என்று சொன்னால் இருப்பார். அவள் சொல்லவில்லை.

“இனி உங்கடை தோட்டத்துக்கும் நானே இறைச்சு விடுறன், கனகம்,” என்றார். “தம்பி ஒண்டும் செய்யத் தேவையில்லை.”

“வேண்டாம், பெரியத்தான்.”

“கோவத்திலை சொல்லாதை. பயிர் செத்துப்போம்.”

“கோவமில்லை. எனக்குக் கோவிக்கிற அளவுக்குச் சீவன் இல்லை.” அவள் குனிந்து, அவனுடைய உடுப்பு மூட்டையை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். “நீங்கள் இறைச்சு விடுவியள். பேந்து ஒருநாள் கூப்பிடுவியள். அவர் வருவார். கூப்பிட்டால் வராமல் இருக்க அவருக்குத் தெரியாது. உங்களுக்குக் கூப்பிடாமல் இருக்கத் தெரியாது. கிணத்திலை என்ரை பங்குக்கு ஊறுறதை நான் துலாவாலை அள்ளுறன். அது காணும்.”

“காணாது, கனகம்.”

“காணாதெண்டால் மூடுறன்.”

எதால் மூடுவாள் என்று அவர் கேட்கவில்லை. அவளுக்கும் அந்த நேரத்தில் தெரியாது.

கொட்டியபடியே கிடந்த சாதாளையை முதலில் பரப்பினாள். கழுவிப் பரப்பத் தண்ணீர் இல்லை. ஒரு மழை பெய்து உப்புப் போகட்டும் என்று விட ஆடியில் மழையும் இல்லை. சில நாட்களில் அந்தப் பாத்திகளின் இலையோரம் நெருப்புப் பட்டதுபோலக் கருகியது. சின்னாச்சி வந்து பார்த்துவிட்டுப் போனாள். அடுத்தநாள் ஒரு கூறு மீனைக் குசினி வாசலில் வைத்துவிட்டுக் காசு வாங்காமல் போனாள்.

எஞ்சிய பாத்திகளுக்கு என்ன செய்வது? பனையோலை விலைகொடுத்து வாங்கவேண்டும். ஆடி ஆவணியில் ஊரில் வேலியடைப்பு நடக்கும். புது ஓலையால் வேலியை அடைத்துவிட்டுப் பழைய ஓலையைத் தோட்டத்து மண்ணில் உரமாகத் தாழ்ப்பது வழக்கம். அவர்களுடைய எல்லை வேலி அந்த வருடம் அடைக்கவேண்டிய வேலி. அடைக்கும் முறை செல்வநாயகத்தினுடையது. பழைய ஓலை இருந்தது. புது ஓலைக்கு வழியில்லை.

ஒரு காலையில் கனகாம்பிகை கத்தியை எடுத்துக்கொண்டு போய் வேலிக்கட்டை அறுக்கத் தொடங்கினாள். ஓலை தூசி கிளப்பிக்கொண்டு சரிந்தது. ஓலை கட்டியிருந்த கதியால் மரங்கள் மட்டும் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவில் அந்தப் பக்கத்து வீடு முழுதாகத் தெரிந்தது. முற்றத்துக் கொடியில் காயும் உள்ளுடுப்பு, குசினி வாசல், அங்கே சுளகோடு நின்ற சோமசேகரத்தின் மனைவி பத்மாவதி.

பத்மாவதி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு எட்டு வைத்து வந்தாள்.

“வேலியை ஏன் வெட்டுறாய், கனகம்?”

“மஞ்சளுக்கு, அக்கா.”

“சனம் என்ன சொல்லும்? ரெண்டு வீடும் சண்டை பிடிச்சு வேலி வெட்டினதெண்டுதான் கதைக்கும்.”

“கதைக்கட்டும். எங்கடை முறை வேலிதான். தை மாசம் அடைச்சுத் தாறன்.”

சனம் கதைத்தது. வேலி வெட்டுகிறவர்களை ஊர் கண்டிருக்கிறது. எல்லையைத் தள்ளிப் போடுவதற்காக வெட்டுவார்கள், வழக்குக்குப் போவார்கள். மஞ்சளுக்காக வெட்டியதை யாரும் கேள்விப்படவில்லை. நெல்லியடிச் சந்தையில் அவளைக் காட்டிக் கதைத்தார்கள். கடையில் மாவுக்கு வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்து மற்றவளிடம் குசுகுசுத்தாள். கனகாம்பிகைக்கு அதுவும் அலுப்பாகத்தான் இருந்தது. வெட்கப்படுவதற்கும் கொஞ்சம் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது.

வேலியோலையைக் கிழித்து, செடிகளுக்கு நடுவே படுக்கப் போட்டு, மேலே பனைமட்டையைப் பாரமாக வைத்தாள். சோளகம் ஓலையின் மேலால் இரைந்து போனது, கிளப்பவில்லை. ஓலைக்கடியில் கையை விட்டுப் பார்த்தால் மத்தியானத்திலும் மண் குளிர்ந்திருந்தது. முன்பு நாள்தோறும் இறைத்தவளுக்கு வாரத்தில் இரண்டு இறைப்புப் போதுமாக இருந்தது. களை வெளிச்சம் இல்லாமல் வெளிறிச் செத்தது. ஆவணியில் கறையான் வந்தது. ஓலையின் அடியை மண்பூசித் தின்றது. அவள் பயந்துபோய் ஒரு கிழங்கைத் தோண்டிப் பார்த்தாள். கறையான் செத்த ஓலையைத்தான் தின்றது, கிழங்கைத் தொடவில்லை. கிழங்கை இருந்த இடத்தில் வைத்து மண்ணால் மூடிவிட்டு அங்கேயே சிறிது நேரம் குந்திக்கொண்டிருந்தாள். எழுந்தால் அடுத்த வேலை செய்யவேண்டும்.

வேலி இல்லாத வளவில் ஒன்றையும் மறைக்க முடியவில்லை. செல்வநாயகம் சாப்பிடும்போது சோறு கோப்பைக்கு வெளியே சிந்துவதைப் பத்மாவதி தன் குசினியிலிருந்து பார்த்தாள். பொத்தானைப் போட அவன் படும் பாட்டையும், முடியாமல் விட்டுவிட்டுத் திறந்த சட்டையோடு இருப்பதையும் பார்த்தாள். சோமசேகரமும் பார்த்தார். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மிசினடிக்குப் போய்விடுவார். முன்பெல்லாம் ஆசுப்பத்திரியால் வந்தால் சுகம் என்று அவர் நினைத்திருந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் தம்பி எப்படி இருக்கிறான் என்பதை வேலி அவருக்குச் சொன்னதில்லை. ஆவணிக் கடைசியில் அவர் மிசினை விடிய இறைக்காமல் பின்னேரம் இறைக்கத் தொடங்கினார். காலையில் துலாவுக்குத் தெளிந்த தண்ணீர் வந்தது. 

ஐப்பசியில் காற்றுத் திரும்பி வடக்கிலிருந்து வாடை வந்தது. மழை பிடித்தது. முதல் மழையில் சாதாளையின் உப்புக் கரைந்தது. கருகி நின்ற பாத்தியில் சில செடிகள் புதுக்குருத்து விட்டன, பல விடவில்லை. கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. மஞ்சளுக்கு மழை நல்லதுதான். ஆனால் வேலியோலை இப்போது தண்ணீரை நிலத்தோடு பிடித்து வைத்துக்கொண்டது. வெயிலில் காத்தது மழையில் அழுகவைக்கப் போகிறது என்று கனகாம்பிகைக்கு விளங்கியது. ஓலையைக் கிளப்பி, வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடியவிடவேண்டும். விளங்கிய அன்றே அவள் காய்ச்சலில் விழுந்தாள். இத்தனை மாதமும் நின்றபடி நின்ற உடம்பு ஒரேயடியாகப் படுத்துவிட்டது. எழும்ப முயன்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தாள். அங்கேயே சரிந்து இருந்துவிட்டாள்.

“ஓலையை எடுக்கவேணும்,” என்றாள். “நடுப் பாத்தி அழுகப்போகுது.”

செல்வநாயகம் அவளைத் தூக்கிக் கொண்டுபோய்ப் படுக்கவைக்க முயன்றான். தூக்க முடியவில்லை. பாயை இழுத்துக்கொண்டு வந்து அவள் இருந்த இடத்தில் விரித்தான். ஒரு சாக்கைத் தலையில் கொழுவிக்கொண்டு மழைக்குள் இறங்கினான்.

குனிந்தால் தலை சுற்றியது. முழங்காலில் நின்றான். ஓலையைப் பிடித்தால் விரல் நிற்கவில்லை. முழங்கையை வளைத்து அணைத்து இழுத்தான். உக்கிய ஓலை பாதியில் அறுந்தது. ஒரு பாத்தியை முடித்துவிட்டு மூச்சு வாங்க இருந்தான். தண்ணீர் அவனுடைய இடுப்புக்குக் கீழே ஓடியது. இந்த வேகத்தில் முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. அடுத்த பாத்திக்கு நகர்ந்தான்.

தலையைத் தூக்கியபோது அடுத்த வாய்க்காலில் பத்மாவதி நின்றாள். சேலையை முழங்காலுக்கு மேல் செருகியிருந்தாள். கதியால்களுக்கு நடுவால் நேரே வந்திருக்கிறாள். வேலி இருந்திருந்தால் ஒழுங்கையைச் சுற்றிப் படலையால்தான் வந்திருக்கவேண்டும். மழைக்குள் அப்படி வந்திருப்பாளோ தெரியாது.

“நீ விடு, தம்பி. நான் இழுத்துத் தாறன். நீ அங்காலை தள்ளு.”

இருவருமாக வேலை செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. சோமசேகரம் கிணற்றடிப் பக்கமாக வாய்க்காலை வெட்டி ஆழமாக்கிக்கொண்டு வந்தார். தேங்கிய தண்ணீர் செந்நிறமாகத் திரண்டு அவருடைய தோட்டத்துக்குள் ஓடியது. அங்கே மிளகாய் முடிந்து அவர் வைத்த வெங்காயம் நின்றது. அவர் வெட்டிக்கொண்டேயிருந்தார். வாசலில் கிடந்த கனகாம்பிகை மழைக்கூடாக மூன்று உருவங்களைக் கண்டாள். யார் யார் என்று பிரித்துப் பார்க்கும் தெளிவு அவளுக்கு அப்போது இருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

பிந்திப்போனதால் நடுவில் இரண்டு பாத்தி அழுகியது. மற்றவை தப்பின.

தை கழிந்து மாசி தொடக்கத்தில் மஞ்சள் இலை பழுத்துச் சாய்ந்தது. கிண்டி எடுத்தார்கள். வேலியோலை போட்டுத் தப்பிய பாத்திகளில் ஒவ்வொரு செடியின் அடியும் இரண்டு கையாலும் பிடிக்கவேண்டிய அளவில் வந்தது. விரல்கள் நீண்டு கொழுத்திருந்தன. குழை போட்ட பாத்தி அதற்கடுத்தது. நிறம் அதில்தான் கூட. உடைத்தால் உள்ளே செம்மஞ்சளாக இருந்தது. வைக்கோல் பறந்த பாத்தியில் தாய்க்கிழங்கு மட்டும், விரல் போதாது. சாதாளைப் பாத்தியில் தப்பிய சில அடிகள் நன்றாகவே இருந்தன. மழை பெய்த பிறகு போட்டிருந்தால் என்று கனகாம்பிகை நினைத்தாள். ஒன்றும் போடாத மூலையில் கிண்டக் கிண்ட வேர்தான் வந்தது. இதில் பெரிய சந்தோசம் ஒன்றும் இல்லை. நட்டமில்லை, அடுத்த நடுகைக்கு விதைக்கிழங்கு இருக்கிறது, மாரியில் கடனாக வாங்கிய அரிசிக்குச் சொல்லிய சொல்லைக் காப்பாற்றலாம். அவ்வளவுதான்.

அவித்தார்கள், காயப் போட்டார்கள், சாக்கில் கட்டினார்கள். புது ஓலை வாங்கி வேலியையும் அடைத்துக் கொடுத்தாள். செல்வநாயகத்தின் கை பழையபடி வரவில்லை. இனி வராது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. 

கடைசிச் சாக்குச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்த அன்று கனகாம்பிகை வீட்டுக்கு வந்து கால் கழுவினாள். அடுப்பு மூட்டவேண்டும் என்று சொன்னாள். கொஞ்சம் சரிந்துவிட்டு மூட்டுகிறேன் என்று விறாந்தையில் பாயைப் போட்டாள். மத்தியான வெயிலில், முகத்தில் வெளிச்சம் விழ, உடனே நித்திரையாகிவிட்டாள். கல்யாணம் முடித்த நாள் தொடக்கம் அவள் பகலில் படுத்து அவன் கண்டதில்லை.

செல்வநாயகம் ஒரு சாக்கைக் கொண்டுவந்து வெயில் படாமல் கட்ட முயன்று, முடிச்சு நிற்காமல், மிஞ்சிய வேலியோலையை இழுத்துச் சாத்தி நிழலாக்கினான். குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினான். அரிசி கழுவும்போது பாதி நிலத்தில் கொட்டுண்டது. இருந்து பொறுக்கினான்.

அப்போது படலையடியில் சோமசேகரத்தின் குரல் கேட்டது.

“தம்பி. ஒருக்கா வந்து உந்த மிசினைப் பிடி. குழாய் கழண்டுபோச்சு.”

அவன் எழுந்து போனான். கையில் ஈர அரிசி ஒட்டியிருந்தது. படலைக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டான்.

“இப்ப ஏலாது, அண்ணை.”

சோமசேகரம் காது கேளாதவர்போலப் பார்த்தார். “கொஞ்ச நேரந்தான்.”

“ஏலாது. அவள் நித்திரை கொள்ளுறாள். நாளைக்கு வாங்கோ. மெல்லக் கதையுங்கோ.”

சோமசேகரம் தம்பியின் தோளுக்கு மேலால் விறாந்தையைப் பார்த்தார். பாயில் ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தவளின் உள்ளங்கை விரிந்து கிடந்தது. அவர் படலையைச் சத்தம் வராமல் கொழுவிவிட்டுத் திரும்பிப் போனார்.

கனகாம்பிகை எழும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. திடுக்கிட்டு எழுந்து இருந்தாள். மாடு கறக்கவில்லை, விளக்கு வைக்கவில்லை என்றாள். அவன் கஞ்சிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து வைத்தான். கொஞ்சம்தான் தளம்பியிருந்தது.

“ஏன் எழுப்பயில்லை?”

“என்னத்துக்கு?”

“ஆரும் வந்ததே?”

“அண்ணை வந்தவர்.”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “போனியளோ?”

“இல்லை. நாளைக்கு வரச்சொன்னனான்.”

அவள் கோப்பையை எடுத்துக் குடித்தாள். உப்புப் போட மறந்திருந்தான். அவள் அதைச் சொல்லவில்லை. குடித்து முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இருந்தால் ஊற்றச் சொன்னாள்.